கஜியாடோவில் மாசாய் குடியிருப்பு ஒன்றுக்கு ஆழ்துளைக் கிணறு: எங்கிருந்து தொடங்குவது?

தொலைநிலம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் பதினோரு ஆண்டுகளாக நைரோபியில் வசித்து வருகிறேன். கென்யாவின் தெற்கிலுள்ள கஜியாடோ கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு), கால்நடை வளர்ப்போரான மாசாய் மக்கள் வாழும் ஒரு பகுதிக்கு, அங்குள்ள தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் அழைப்பின் பேரில் மூன்று முறை சென்று வந்திருக்கிறேன். பெண்களும் சிறுமிகளும் விடியும் முன்பே 20 லிட்டர் மஞ்சள் கேன்களைக் கழுதைகளின் மேல் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். வறண்ட ஆற்றுப்படுகையில் மணலைத் தோண்டி, ஊறும் நீரைக் குவளையால் மொண்டு நிரப்பித் திரும்பும்போது நண்பகல் ஆகிவிடுகிறது. அதே குழியில் ஆடுகளும் வாய் வைக்கின்றன. 2020 இறுதியிலிருந்து 2022 இறுதி வரை தொடர்ந்து ஐந்து மழைப்பருவங்கள் பொய்த்தபோது தம் மாடுகளில் பெரும்பகுதியை இழந்த குடும்பங்கள் அவை.

நண்பர்கள் சிலர் சேர்ந்து ஓர் ஆழ்துளைக் கிணறு அமைத்துத்தரும் அளவுக்கு நிதி திரட்டியிருக்கிறோம். துளையிடும் ஒப்பந்தக்காரர் ஒருவர், இரண்டு நாட்களில் துளையிட்டுக் கைப்பம்பைப் பொருத்தி, நன்கொடையாளர் பெயர்ப்பலகையும் வைத்துத் தருவதாகச் சொல்கிறார். ஆனால் அந்தப் பள்ளியிலிருந்து சிறிது தொலைவிலேயே, இதே போன்ற ஒரு நன்கொடைக் கிணறு துருப்பிடித்த பம்புடன் பயனின்றி நிற்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். எங்கள் கிணறும் அப்படி ஆகிவிடக்கூடாது என்ற கவலை என்னை விடவில்லை. கைப்பம்பு போதுமா, யாரிடம் அனுமதி பெற வேண்டும், நாங்கள் போன பிறகும் அது இயங்க என்ன வழி என்பவற்றை அறிந்தவர்கள் சொல்லுங்கள். அங்குள்ள பல குழந்தைகளின் பற்களில் பழுப்பு நிறக் கறை இருப்பதையும் கவனித்தேன். அதற்கும் தண்ணீருக்கும் தொடர்பு உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பாறைநீர் (மறுமொழி):

நான் நிலநீர் ஆய்வுத் துறையில் பணியாற்றியவன். கிழக்கு ஆப்பிரிக்காவில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். இரண்டு நாட்களில் துளையிட முடியும் என்று ஒப்பந்தக்காரர் சொன்னது உண்மைதான். கம்ப்ரசருடன் கூடிய சுத்தியல் துளைப்பான் கெட்டிப் பாறையையும் விரைவாகத் துளைத்துவிடும். ஆனால் அந்த இரண்டு நாட்களுக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றை அவர் சொல்லவில்லை. அவற்றில்தான் கிணற்றின் ஆயுள் இருக்கிறது.

கஜியாடோவின் நிலம் ஒரே தன்மையுடையது அன்று. கிழக்கிலும் தெற்கிலும் பெரும்பாலும் மிகப் பழைய உருமாறிய பாறைகள் இருக்கின்றன. அங்கே பாறைப் பிளவுகளிலும் சிதைந்த மேலடுக்கிலும் மட்டுமே நீர் தங்கும். வடக்கிலும் மேற்கிலும், கிழக்கு ஆப்பிரிக்காவை ஊடறுத்துச் செல்லும் பிளவுப் பள்ளத்தாக்கை ஒட்டிய பகுதிகளில் எரிமலைக் குழம்பு உறைந்த அடுக்குகள் உள்ளன; ஒரு குழம்படுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையே புதைந்துபோன பழைய நிலப்பரப்பிலும் மணல், சாம்பல் படிவுகளிலும் நீர் கிடைக்கும். எனவே ஓரிடத்தில் நல்ல நீர் கிடைத்திருக்க, அங்கிருந்து நூறு மீட்டர் தள்ளி இட்ட துளை வறண்டு போவது அங்கே அபூர்வமான செய்தி அன்று. முதலில் தகுதி பெற்ற நிலநீர் வல்லுநர் ஒருவரைக் கொண்டு மின்தடை ஆய்வு செய்யுங்கள். மண்ணுக்குள் மின்னோட்டத்தைச் செலுத்தி, ஆழத்துக்கேற்ப மின்தடை எப்படி மாறுகிறது என்பதை அளந்து, எந்த ஆழத்தில் நீர் இருக்க வாய்ப்புள்ளது என்று அவர் கணிப்பார். அது வாய்ப்பை மட்டுமே சொல்லும். நீர் கட்டாயம் கிடைக்கும் என்றோ அது குடிக்க உகந்தது என்றோ எந்தக் கருவியாலும் உறுதி கூற இயலாது. ஆகவே சுற்றுவட்டாரத்தில் ஏற்கனவே உள்ள கிணறுகளின் பதிவுகளையும் தேடிப் பாருங்கள். நீங்கள் பார்த்த அந்தத் துருப்பிடித்த பம்பின் கதையையும் கேட்டறியுங்கள். அது எத்தனை மீட்டர் ஆழம், ஏன் நின்றது என்ற இரண்டு விடைகள் உங்களுக்கு எந்த ஆய்வறிக்கைக்கும் குறையாத பயன் தரும்.

அனுமதியைப் பொறுத்தவரை, கென்யாவின் 2016ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்படி நீர்வள ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் துளையிடக்கூடாது. ஆய்வறிக்கையை இணைத்துத்தான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். சுற்றுச்சூழல் மதிப்பீடும் தேவைப்படும். குடிநீர் வழங்கல் கவுண்டி அரசின் பொறுப்பில் இருப்பதால், அதன் நீர்த்துறை அலுவலகத்துக்கு முதலிலேயே தெரிவித்துவிடுவது நல்லது.

இனிக் கைப்பம்பு. கிழக்கு ஆப்பிரிக்காவில் பரவலாக உள்ள ஆஃப்ரிதேவ் பம்பு ஏறத்தாழ 45 மீட்டர் ஆழம் வரைக்குமே ஏற்றது. உங்கள் பகுதியில் துளைகள் 100 மீட்டரைத் தாண்டுவது வழக்கம். 200 மீட்டருக்கு மேல் போவதும் உண்டு. துளையின் ஆழத்தைக் காட்டிலும் நீர்மட்டம் எங்கே வந்து நிற்கிறது என்பதே முக்கியம் என்றாலும், அந்த மட்டமும் ஆழத்தில் இருந்தால் கைப்பம்பு உதவாது. நீர்மூழ்கி மோட்டாரும் சோலார் தகடுகளும், உயரத்தில் ஒரு தொட்டியும் தேவைப்படும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவற்றில் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். துளையிடும்போது கம்ப்ரசர் காற்றில் பீறிட்டு வரும் நீரைப் பார்த்து அனைவரும் மகிழ்ந்துபோய், அந்த அளவை வைத்தே மோட்டார் வாங்கிவிடுகிறார்கள். அது பெரும் பிழை. துளையின் சுவர் சரியாமல் தாங்கும் கேசிங் குழாயை இறக்கி, சரளை நிரப்பி, மேற்பகுதியைச் சிமெண்டால் அடைத்து, கிணற்றைத் தெளியவைத்த பிறகு, குறைந்தது 24 மணிநேரம் தொடர்ந்து நீரிறைத்து மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்றும், நிறுத்திய பின் எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்றும் அளக்க வேண்டும். அந்தச் சோதனையின் முடிவில் எடுத்த நீரை ஆய்வகத்துக்கு அனுப்பி, ஃபுளோரைடு, உப்பு, இரும்பு, நைட்ரேட், நுண்கிருமி ஆகியவற்றின் அளவு தெரிந்த பின்னரே மோட்டாருக்குப் பணம் கொடுங்கள். துளை வறண்டுபோனால் செலவு யாருடையது என்பதும் கையொப்பமிடும் முன்பே எழுத்தில் இருக்கட்டும்.

புல்வழி (மறுமொழி):

எல்லைக்கு அப்பால், தான்சானியாவின் லோங்கிடோ பகுதியில் கால்நடை வளர்ப்போரிடையே சில காலம் பணிபுரிந்தேன். மேலே பாறைநீர் எழுதிய அனைத்தும் சரி. ஆனால் எவ்வளவு நீர் தேவை என்ற கேள்வியை நாம் மனிதர்களை மட்டும் எண்ணிக் கணக்கிடுகிறோம். மாசாய் மக்களிடையே அந்தக் கணக்கு முதல் நாளிலேயே பொய்த்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டுக்கு 400 பேர், 1,500 மாடுகள், 3,000 ஆடுகள் உள்ள ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் என்றால் 8,000 லிட்டர். மாட்டுக்கு 30 லிட்டர் வீதம் 45,000 லிட்டர். ஆட்டுக்கு 4 லிட்டர் வீதம் 12,000 லிட்டர். மொத்தம் 65,000 லிட்டர். அதில் மனிதருடைய பங்கு எட்டில் ஒன்றுகூட இல்லை. மணிக்கு ஆயிரம் லிட்டரைத் தாண்டாத ஒரு கைப்பம்பு நாளெல்லாம் அடித்தாலும் இந்தத் தேவையில் ஒரு மூலையைத்தான் எட்டும். மாடுகளுக்கெனத் தனியே தொட்டி இல்லையென்றால் மாடுகள் குடிநீர்க் குழாயடிக்கே வரும். மேடை உடையும், சாணமும் சேறும் கிணற்று வாயைச் சூழும். ஒரு மாசாய் குடும்பத்திடம் போய் இந்த நீர் உங்களுக்கு மட்டும், மாடுகளுக்கு இல்லை என்று சொல்வது பொருளற்றது. மாட்டின் உயிரில்தான் அந்தக் குடும்பத்தின் உணவும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் இருக்கின்றன. ஆகவே குடிநீர்க் குழாயையும் கால்நடைத் தொட்டியையும் நன்கு விலக்கி, இரண்டையும் தொடக்க வரைபடத்திலேயே சேருங்கள்.

இதைவிடக் கடினமான செய்தி ஒன்றுண்டு. மேய்ச்சல் நிலத்தில் நீர் என்பது ஒரு பூட்டைப் போன்றது. மழைக்காலத்தில் தற்காலிகக் குட்டைகள் நிரம்பும்போது மந்தைகள் தொலைவிலுள்ள புல்லுக்குப் போகும்; அவை வற்றியதும் நிலையான நீருள்ள இடத்துக்குத் திரும்பும். இதனால் கோடைக்கென ஒரு பகுதிப் புல் தொடப்படாமல் எஞ்சும். எந்தப் புல்வெளியின் நடுவே ஆண்டு முழுவதும் நீர் தரும் கிணறு தோன்றுகிறதோ, அந்தப் புல்வெளி ஆண்டு முழுவதும் மேயப்படும். சில ஆண்டுகளில் கிணற்றைச் சுற்றி வெறும் புழுதி மட்டுமே எஞ்சிய இடங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே கிணறு எங்கே அமைய வேண்டும் என்பதை வல்லுநரின் கருவி மட்டும் தீர்மானிக்கக்கூடாது. பெரியவர்களின் கூட்டத்தில் மேய்ச்சல் வழிகளைக் கேளுங்கள். பெண்களைத் தனியே அமர வைத்துக் கேளுங்கள். பொதுக்கூட்டத்தில் அவர்கள் பேசுவது குறைவு, ஆனால் நீரைச் சுமப்பவர்கள் அவர்களே.

வெளியாரின் நீர்த்திட்டத்தை அவர்கள் ஐயத்துடன் பார்த்தால் அதற்குக் காரணம் உண்டு. 1904ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் பிளவுப் பள்ளத்தாக்கின் நல்ல நீர்நிலைகளையும், 1911ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் லைகிப்பியா மேட்டுநிலத்தையும் பிரித்தானிய ஆட்சியிடம் இழந்த மக்கள் அவர்கள். உங்கள் கவுண்டியிலேயே, 1974இல் அம்போசெலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, கிளிமஞ்சாரோவிலிருந்து வரும் ஊற்றுநீரால் நிறையும் சதுப்புகளை விட்டு அவர்கள் விலக வேண்டியிருந்தது. ஈடாகப் பூங்காவுக்கு வெளியே குழாய்வழி நீர் தரும் ஏற்பாடு செய்யப்பட்டது. அந்தக் குழாயமைப்பு சில ஆண்டுகளிலேயே சரிவர இயங்காமல் போனதால், மக்கள் மீண்டும் மாடுகளைப் பூங்காவுக்குள்ளேயே ஓட்டிச் செல்ல நேர்ந்தது. பராமரிக்கப்படாத குழாய் என்பது அவர்களைப் பொறுத்தவரை மீறப்பட்ட வாக்குறுதி. உங்கள் கிணறும் நின்றுபோனால் அந்த வரிசையில்தான் சேரும்.

தொலைநிலம்:

இருவருக்கும் என் உளமார்ந்த நன்றி. புல்வழி அவர்களின் மறுமொழியைப் படித்தவுடன் ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன். பள்ளிக்குப் பின்புறமுள்ள திறந்த வெளியில் துளையிடலாம் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அவர் சற்றுத் தயங்கிவிட்டு, அந்த இடம் ஒலொபொலொலி என்றார். கன்றுகளுக்கும் நலிந்த மாடுகளுக்கும் எனக் குடியிருப்பின் அருகே ஒதுக்கிவைக்கும் புல்லாம். அங்கே கிணறு வந்தால் எல்லா மந்தைகளும் அதன் வழியே நடக்கும், கன்றுகளுக்குப் புல் மிஞ்சாது என்றார். மூன்று முறை அங்கு போயும் இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை, ஏனென்றால் நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது.

வெண்பல் (மறுமொழி):

நான் பல் மருத்துவர். பற்களின் கறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்; அதைச் சிறிய கேள்வியாகக் கடைசியில் வைத்திருந்தீர்கள், ஆனால் உங்கள் திட்டத்தையே மாற்றக்கூடிய கேள்வி அது.

நேரில் பார்க்காமல் முடிவு கூற இயலாது என்றாலும், அந்தப் பகுதியில் ஃபுளோரைடு மிகுதியால் உண்டாகும் பல் கறை பரவலாக உள்ளது. பிளவுப் பள்ளத்தாக்கின் எரிமலைப் பாறைகளில் ஃபுளோரைடு அதிகம். அங்குள்ள நிலத்தடி நீரில் சோடியம் பைகார்பனேட் மிகுந்தும் கால்சியம் குறைந்தும் இருப்பதால், கால்சியத்துடன் சேர்ந்து படிந்துவிட வேண்டிய ஃபுளோரைடு நீரிலேயே கரைந்து தங்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். நல்ல நீர் கிடைப்பது அரிது என்பதால் தான்சானியா நெடுங்காலம் 4 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொண்டது என்பதிலிருந்தே நிலைமையின் கடுமையை உணரலாம். நிலையான பற்கள் உருவாகும் ஏறத்தாழ எட்டு வயது வரையிலான பருவத்தில் இந்த நீரைக் குடிக்கும் பிள்ளைகளுக்குக் கறை வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். அளவு மிகவும் கூடி, பல ஆண்டுகள் தொடர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகி முதுகு வளையும்.

இங்கே மனத்தை உறுத்துவது என்னவென்றால், ஆற்றுமணலில் தோண்டும் கலங்கலான நீரில் கிருமி இருந்தாலும் ஃபுளோரைடு குறைவாக இருக்கலாம். தெளிந்த, சுவையான ஆழ்நீரில் அது கூடுதலாக இருக்கலாம். நிறமும் மணமும் சுவையும் எதையும் காட்டிக்கொடுக்காது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடோ நீர் வற்ற வற்றச் செறிவடையும். எலும்புக்கரி வடிகட்டியால் அதை நீக்க முடியும். தான்சானியாவில் அருஷாவுக்கு அருகிலுள்ள இங்குர்டோட்டோ ஆய்வு நிலையம் இதற்காகவே பணியாற்றுகிறது. ஆனால் கரி தன் திறனை இழந்ததும் மாற்ற வேண்டும், அதற்கு ஓர் ஆள் வேண்டும், சோதனை வேண்டும்.

அதனால் என் பரிந்துரை எளிமையானது. பள்ளிக்குத் தகரக் கூரை இருக்கிறதல்லவா? கூரையின் ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 300 சதுர மீட்டர் கூரையும் ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் மழையும் இருந்தால் 1,50,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,20,000 லிட்டர் மிஞ்சும். 300 பிள்ளைகளுக்கு ஆளுக்கு 2 லிட்டர் வீதம் 200 பள்ளி நாட்களுக்கு அது போதும். மழை பொய்க்கும் ஆண்டில் குறையும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மழைநீரில் ஃபுளோரைடு மிகக் குறைவு. குடிக்கவும் சமைக்கவும் மழைநீர், கால்நடைக்கும் துவைக்கவும் குளிக்கவும் கிணற்றுநீர் என்று பிரித்துக்கொண்டால், கிணற்றில் ஃபுளோரைடு சற்றுக் கூடுதலாக வந்தாலும் உங்கள் நிதி வீணாகாது. முகம் கழுவப் போதிய நீர் கிடைப்பதே ஒரு பெரும் நன்மை. நரோக், கஜியாடோ பகுதிகளில் பார்வையைப் பறிக்கும் டிரக்கோமா கண்நோயைத் தடுப்பதில் முகத்தூய்மைக்கு முதன்மையான இடம் உண்டு.

நெடுங்கயிறு (மறுமொழி):

புல்வழி அவர்களுடன் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். நிலையான நீர் மந்தைகளின் இடப்பெயர்ச்சியைக் குலைக்கும் என்பது முன்பு முழு உண்மையாக இருந்தது. ஆனால் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பலருக்கும் பொதுவான குழு மேய்ச்சல் பண்ணைகளாகப் பதிவான கஜியாடோ நிலங்களில் பெரும்பகுதி, பின்னர் தனித்தனிப் பட்டாக்களாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. வேலிகள் வந்துவிட்டன, பள்ளிகளைச் சுற்றிக் குடும்பங்கள் ஏற்கனவே நிலைகொண்டுவிட்டன. அங்குள்ள தாய்மாரிடம் போய், மேய்ச்சல் ஒழுங்கு கெடும் என்பதால் நீர் தர இயலாது என்று எப்படிச் சொல்வது? தூய நீரைப் போதிய அளவில் பெறுவதைக் கென்யாவின் 2010ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் 43ஆம் பிரிவில் ஒவ்வொருவரின் உரிமையாகவே எழுதியிருக்கிறது. கிணற்றை எங்கே வைப்பது என்று ஆராய்வோம். வைக்கலாமா என்ற கேள்வியில் ஆண்டுகளைக் கழிக்க வேண்டாம்.

பராமரிப்பைப் பற்றி நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே சுமார் 20 நாடுகளிலிருந்து திரட்டப்பட்டு 2009இல் வெளியான கணக்கில், கைப்பம்புகளில் சராசரியாக 36 விழுக்காடு இயங்காத நிலையில் இருந்தன. பெரும்பாலும் காரணம் சிறியது: ஒரு வாஷர், ஒரு குழாய் இணைப்பு, அதை வாங்கப் பணமில்லாத குழு, வந்து பார்க்க ஆளில்லாத தொலைவு. நான் உதவிய ஓரிடத்தில் நீர் இலவசம் என்று அறிவித்தோம். இரண்டாம் ஆண்டில் மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டி எரிந்தபோது குழுவின் கையில் ஒரு ஷில்லிங்கும் இல்லை. ஐந்து மாதம் கிணறு மூடிக்கிடந்தது. அந்தப் பிழை எங்களுடையது. பின்னர் கேனுக்குச் சில ஷில்லிங் என்றும், மாடுகளுக்குத் தலைக்கு மாதக் கட்டணம் என்றும் குடியிருப்பே தீர்மானித்தது. எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை வழியாகச் செலுத்துவதால் பணம் யார் கையிலும் தங்காமல் கணக்கில் சேர்ந்தது. பொருளாளராக ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். மிக வறிய குடும்பங்களுக்குக் கட்டணம் இல்லை என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். உங்கள் நிதியில் ஒரு பகுதியை முதல் இரண்டு ஆண்டுகளின் பழுதுபார்ப்புக்கென எடுத்து வையுங்கள். யானைகள் வரும் பகுதியாக இருந்தால் தொட்டியைச் சுற்றி வலுவான தடுப்பும், ஆழமாகப் புதைத்த குழாயும் வேண்டும். வறட்சியில் நீரின் மணம் பிடித்து அவை குழாயையே பிடுங்கிவிடும்.

தொலைநிலம்:

ஒப்பந்தக்காரரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று தெரிவித்துவிட்டேன். அடுத்த மாதம் ஆசிரியரின் உதவியுடன் முதலில் பெண்களையும், பிறகு பெரியவர்களையும் சந்திக்கிறோம். நிதியில் ஒரு பங்கைக் கொண்டு, வரும் மார்ச் மாத மழைக்கு முன்பே பள்ளிக் கூரைக்கு வடிகாலும் தொட்டியும் அமைக்க நண்பர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆய்வாளர் வரும்போது பெரியவர்கள் காட்டும் இடங்களில் மட்டுமே கருவியை வைப்போம். அந்தப் பழைய கிணற்றின் பொறுப்பாளரைக் கண்டுபிடித்துவிட்டோம். பம்புக் கம்பிகள் ஆழத்தைத் தாங்காமல் அடிக்கடி அறுந்தனவாம், நீர் இன்னும் உள்ளே இருக்கிறது என்கிறார். அதைச் சீர்படுத்த முடியுமா?

பாறைநீர்:

முடியும் என்றால் புதிய துளையைவிட அதுவே முதல் தேர்வு. செலவும் வெகுவாகக் குறையும். பழைய கம்பிகளை வெளியே எடுத்து, கேமரா இறக்கிக் கேசிங் குழாயின் நிலையைப் பார்த்து, கிணற்றைத் தூய்மை செய்து, மீண்டும் 24 மணிநேரச் சோதனை நடத்தச் சொல்லுங்கள். துளையின் விட்டம் நீர்மூழ்கி மோட்டார் இறங்கும் அளவுக்கு இருக்கிறதா என்பதையும் அப்போதே அளந்துவிடுங்கள். சோதனை முடிவில் நீர் மாதிரி எடுக்கும்போது, ஃபுளோரைடு அளக்கவிருப்பதால் கண்ணாடிப் புட்டியைத் தவிர்த்து, பிளாஸ்டிக் புட்டியை அதே நீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய புட்டி தனியே வேண்டும். அதை அலசாமல் நிரப்பி, பனிக்கட்டியுடன் குளிர்ச்சியாக வைத்து அன்றே கொண்டு சேருங்கள். முடிவுகள் வந்ததும் இங்கே பதியுங்கள், மோட்டாரின் அளவைச் சேர்ந்து கணக்கிடுவோம்.